முதல் மான் வேட்டைக்கு என்னென்ன சாமான் வேண்டும்?

கல்லடிப்பாலம்:

எல்லாருக்கும் வணக்கம். இருப்பது மட்டக்களப்பு கல்லடி, வயது 24, காட்டுக்குள் ஓர் இரவுகூடத் தங்கியதில்லை. என் அத்தான் கனடாவில் ஒவ்வொரு கார்த்திகையும் மான் வேட்டைக்குப் போகிறவர். இந்த ஆடி லீவுக்கு அக்காவோடு வருகிறார். அவரை எப்படியாவது இங்கே ஒரு மான் வேட்டைக்குக் கூட்டிப் போகவேண்டும் என்று நானும் இரண்டு கூட்டாளிகளும் தீர்மானித்திருக்கிறோம். பாணமைப் பக்கம் ஒருவர் துவக்கு ஒழுங்கு பண்ணித் தருகிறேன் என்றார். எனக்கு வேண்டியது சாமான் விபரம் மட்டும்: என்ன சப்பாத்து, என்ன நிற உடுப்பு, தலையில் மாட்டுகிற லைட் எவ்வளவு வெளிச்சம் இருக்கவேண்டும், கத்தி எப்படி, தண்ணீர் எத்தனை போத்தல், நுளம்புக்கு எதைப் பூசுவது. போய் வந்தவர்கள் சொல்லுங்கள். 'போகாதே' என்று சொல்ல வருகிறவர்கள் தயவுசெய்து வேண்டாம்.

படுவான்கரையான்:

கடைசி வரியை வாசித்துச் சிரித்துவிட்டேன், அதனாலேயே வருகிறேன். தம்பி, பாணமைக்கு அந்தப் பக்கம் குமண, இந்தப் பக்கம் லாகுகல, இரண்டும் தேசியப் பூங்கா. நடுவில் உன் அத்தானுக்கென்று தனியாக ஒரு காட்டை யாரும் விட்டுவைக்கவில்லை. வனசீவராசிச் சட்டம் 1937இலிருந்து இருக்கிறது, 2009இல் இன்னும் இறுக்கினார்கள். புள்ளிமான், மரை எல்லாம் அதற்குள் அடங்கும். சுட்டால்தான் வழக்கு என்று நினைக்காதே, இறைச்சியை வைத்திருந்தாலும் ஏற்றிக்கொண்டு போனாலும் வழக்குத்தான். லைசன்ஸ் இல்லாத துவக்கு அதற்கு மேலே தனி வழக்கு. வெளிநாட்டுப் பாஸ்போட்டோடு வருகிற மனிதனை லீவு முடியும்வரை மறியலில் வைத்துப் பார்க்க ஆசை என்றால் சப்பாத்து வாங்கு. மறுகா இந்த இழையை அழித்துவிடு, துவக்குக்காரனின் ஊரையே எழுதி வைத்திருக்கிறாய்.

ஊர்வாய்:

சட்டத்தை மனப்பாடம் பண்ணி வைத்திருக்கிற அண்ணனுக்கு ஒரு கேள்வி. மான் வத்தல் தின்னாமல் வளர்ந்த வீடு படுவான்கரையில் எத்தனை? எங்கள் அம்மம்மா அடுப்புக்கு மேலே கம்பியில் தொங்கவிட்ட மரை வத்தலை அம்மியில் வைத்துத் தட்டி, தேங்காய்ப்பால் விட்டு ஆக்கின கறியின் மணம் இன்னும் என் மூக்கில் நிற்கிறது. வேடர் இறைச்சியைத் தேனுக்குள் போட்டு மாதக்கணக்கில் வைத்துத் தின்றவர்கள். 1983இல் மாதுறு ஓயாவைத் தேசியப் பூங்கா ஆக்கினபோது தம்பானை வேடரையே, உன் காடு இனி உனக்கில்லை, வெளியே போ என்றார்கள். தலைமுறை தலைமுறையாக அந்தக் காட்டில் திரிந்தவன் ஒரே நாளில் கள்ளன். இதையும் சேர்த்துத்தான் சட்டம் என்று பேசவேண்டும்.

படுவான்கரையான்:

வேடரின் நியாயம் வேடருக்கு. அதில் எனக்கும் உனக்கும் சண்டை இல்லை. ஆனால் போனில் பீட்சா ஓடர் பண்ணித் தின்கிற நீயும் நானும் அந்த நியாயத்தைக் கடன் வாங்க ஒண்ணாது.

சாம்பல்முடிச்சு:

என் வயது 68, ஊர் திருக்கோவில் பக்கம். இந்தத் தம்பியைத் திட்ட நான் வரவில்லை, ஏனென்றால் அவருடைய வயதுக்குப் பாதி வயதில் நான் போயிருக்கிறேன். எங்கள் அப்பாவிடம் கச்சேரியில் பதிந்த 12 போர் ஒற்றைக்குழல் துவக்கு ஒன்று இருந்தது. பன்றிக்கு வயல் காக்கத்தான் அது. ஆனால் அந்தக் காலத்தில் அனுமதிப்பத்திரத்தோடு மானும் சுடலாம்.

அவர் சாமான் என்று கொண்டுபோனதைச் சொன்னால் சிரிப்பீர்கள். இரண்டு தோட்டா, ஒரு சாக்கு, ஒரு வில்லுக்கத்தி, மடியில் ஒரு சாம்பல் முடிச்சு. பழைய வேட்டித்துணியில் அடுப்புச் சாம்பலை நன்றாக அரித்துக் கட்டியிருப்பார். பத்தடிக்கு ஒரு தடவை அதை விரலால் தட்டுவார். மெல்லிய புகை போல ஒன்று எழும்பி ஒரு பக்கம் சாயும். அது எங்கள் முகத்துக்கு வந்தால் நடக்கலாம், முதுகுப் பக்கம் போனால் அந்த இடத்திலேயே நின்று வேறு வழி யோசிக்கவேண்டும். மானுக்குக் கண்ணைவிட மூக்குப் பெரிது என்பார். போவதற்கு மூன்று நாளைக்கு முன்னமே சவுக்காரம் இல்லை, தலைக்கு எண்ணெய் இல்லை, பீடி இல்லை. பீடி இல்லாத மூன்று நாளும் வீட்டில் ஒருவரும் அவரோடு பேசமாட்டோம்.

எனக்கு 13 வயது இருக்கும்போது முதல் தடவை கூட்டிப் போனார். குளத்து மூலையில் ஒரு மருத மரத்தில் பரண். மாலை ஐந்துக்கு ஏறினோம். என் கால் விறைத்து, எறும்பு கடித்து, மூத்திரம் முட்டி, அசைந்தால் அப்பா என் தொடையை நுள்ளுவார். இருட்டுகிற நேரம் ஒரு பிணை வந்தது. எட்டடி நடந்து நிற்கும், காதை மட்டும் திருப்பும், மறுகா எட்டடி. அப்பா துவக்கைத் தூக்கினார், நான் காதைப் பொத்தினேன், வெடியைக் காணவில்லை. பார்த்தால் பின்னால் கன்று நிற்கிறது. அவ்வளவுதான், இறங்கி வீட்டுக்கு வந்து பழஞ்சோறு தின்றோம். அந்தத் துவக்கு எண்பதுகளின் நடுவில் கையை விட்டுப் போனது. யார் வாங்கிக்கொண்டு போனார்கள் என்று கேட்காதீர்கள், அந்த நாளில் துவக்கு இருந்த வீட்டை எல்லாரும்தான் தட்டினார்கள்.

இப்போது நான் சொல்ல வந்தது. இன்றைக்கு அந்தக் காட்டு ஓரத்தில் துவக்கோடு நிற்கிறது மனிதன் இல்லை, கம்பி. கட்டுத்துவக்கு, கம்பியில் தட்டினால் தானாக வெடிக்கும். பன்றி நெஞ்சுக்குக் கட்டுகிற உயரம் மனிதனுக்கு முழங்கால். எங்கள் அயலில் ஒருவர் விடியப்புறம் மாடு தேடிப் போனவர், கால் கம்பியில் தட்டியது. உழவு மெசின் பெட்டியில் வைக்கோலைப் போட்டு அவரை ஏற்றி வந்தபோது நான் அந்தக் காலைப் பிடித்துக்கொண்டிருந்தேன். முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். இருட்டில், தெரியாத காட்டில், தலையில் லைட்டோடு மூன்று பொடியன்கள். தம்பி, எந்தச் சப்பாத்தும் உதவாது.

பனிக்குள்மட்டக்களப்பான்:

மச்சான், நான்தான் உன் அத்தான். உன் அக்கா இந்த இழையைக் கண்டுபிடித்து, இரண்டு மணித்தியாலமாக இங்கே எனக்கு விசாரணை நடக்கிறது. 'ஊருக்கு வந்தால் மான் பார்க்கவேண்டும்' என்று போனில் சொன்னேன், ஒத்துக்கொள்கிறேன். அதில் துவக்கு எங்கே வந்தது?

சரி, சாமான் கேட்டாய், இங்கே நடக்கிறதைச் சொல்கிறேன். ஒன்ராறியோவில் நான் முதல் தடவை மானுக்குப் போவதற்கு முன் கடதாசிக்கே ஒன்றரை வருடம் போனது. துவக்குப் பாதுகாப்பு வகுப்பு, அதற்குச் சோதனை. மறுகா துவக்கு லைசன்சுக்கு விண்ணப்பம், அதில் உன் அக்காவின் கையெழுத்தும் கேட்டார்கள், அவள் மூன்று கிழமை யோசித்தாள். வேட்டைக் கல்வி வகுப்பு தனி, அதற்கும் சோதனை. அப்புறம் அவுட்டோர்ஸ் கார்ட் என்கிற வேட்டைக்காரர் அட்டை, மான் லைசன்ஸ், சுட்ட மானுக்கான டாக் என்கிற சீட்டு. கொம்பில்லாத மானைச் சுடுவதென்றால் குலுக்கலில் பெயர் விழவேண்டும். சூரியன் எழும்ப அரை மணித்தியாலத்துக்கு முன் தொடங்கலாம், விழுந்து அரை மணித்தியாலத்துக்குள் முடிக்கவேண்டும். வாகனத்துக்குள் தோட்டா போட்ட துவக்கு இருக்கக்கூடாது. இறைச்சியை விற்கக்கூடாது, பழுதாக விடவும் கூடாது. சீசன் முடிந்ததும் ஒன்றும் அகப்படாதவனும் அறிக்கை அனுப்பவேண்டும். நான் முதல் வருடம் அனுப்பினது பூச்சிய அறிக்கை.

அந்த முதல் வருடம் பேன்கிராஃப்ட் பக்கம் ஐந்து நாள். கடையில் போய் ஒரு சின்னக் கார் விலைக்குச் சாமான் வாங்கியிருந்தேன். மான் கூப்பிடுகிற குழல், மணத்தை மறைக்கிற தண்ணீர், இரண்டு கத்தி, மடக்குக் கோடாலி. கோடாலியை இன்றுவரை விரித்ததில்லை. வாங்காமல் விட்டது கம்பளி மேஸ். பருத்தி மேஸ் வியர்வையில் நனைந்தது, மூன்று மணித்தியாலம் அசையாமல் இருந்ததில் கால்விரல்கள் என்னுடையவை இல்லை என்று ஆகிவிட்டது. சப்பாத்தைக் கழற்றித் தேய்த்துக்கொண்டு நிமிர்ந்தால், மான் வெள்ளை வாலைத் தூக்கிக்கொண்டு போகிறது. அந்த ஐந்து நாளில் நான் கண்டது அந்த வால்தான்.

இரண்டாவது வருடம் நடந்ததை உன் அக்காவுக்குக்கூட முழுதாகச் சொல்லவில்லை. காலை எட்டு மணி, அறுபது மீற்றரில் நல்ல கொம்பன், பக்கவாட்டில், முன்னங்காலுக்குப் பின்னால் குறி வைக்க வசதியாக நிற்கிறது. பாதுகாப்பு விசையைத் தட்டிவிட்டேன். குறிக்கண்ணாடிக்குள் மானுக்குப் பின்னால் பற்றைக்குள் செம்மஞ்சளாக ஒரு புள்ளி. இலை என்று நினைத்தேன், கார்த்திகையில் அங்கே விழாமல் மிஞ்சுகிற இலை அப்படித்தான் தெரியும். இலை திரும்பிப் பார்த்தது. என்னோடு வந்தவரின் தொப்பி, அவர் இடம் மாறி வந்திருக்கிறார். துவக்கை இறக்கிவிட்டுக் கொஞ்ச நேரம் நிலத்தில் இருந்தேன். அங்கே துவக்குச் சீசனில் இடுப்புக்கு மேலே 400 சதுர அங்குலம் செம்மஞ்சள், தலைக்கும் அதே நிறம் என்று சட்டம். எல்லாப் பக்கத்திலிருந்தும் தெரியவேண்டும். புள்ளி புள்ளியாகக் காட்டு நிறம் கலந்தது கணக்கில்லை. முதல் வருடம் அதை உடுத்துக் கண்ணாடியில் பார்த்து, ரோட்டு வேலை செய்கிறவன் போல இருக்கிறேன் என்று சிரித்தவன் நான்.

மானுக்கு அந்த நிறம் தெரியாதா என்று கேட்பாய். மானின் கண்ணில் சிவப்பைப் பிடிக்கிற பகுதி இல்லை, செம்மஞ்சள் அதற்கு மங்கலாகத்தான் விழும். நீலம்தான் நன்றாகத் தெரியும். அதனால் சட்டையை வெளுப்பாகக் காட்டுகிற சவுக்காரத்தூளில் வேட்டை உடுப்பைத் தோய்க்கமாட்டோம்.

ஆகவே மச்சான், துவக்குக்காரனுக்கு இன்றைக்கே போன் பண்ணி 'வேண்டாம்' என்று சொல். நான் நல்ல பைனாகுலர் ஒன்று கொண்டு வருகிறேன். குமணவுக்குப் போவோம், அக்காவையும் கூட்டிக்கொண்டு.

கல்லடிப்பாலம்:

அக்கா எனக்கும் எடுத்தா. பேசினதை இங்கே எழுத முடியாது.

சரி, துவக்கு இல்லை. துவக்குக்காரனுக்கும் சொல்லிவிட்டேன், அவருக்கும் பெரிய கவலை இல்லை. இப்போது கேள்வியை மாற்றுகிறேன். ஆடியில் குமண, இரண்டு இரவு, நாலு பேர். மான் பார்க்க. என்னென்ன சாமான் வேண்டும்? சாம்பல்முடிச்சு ஐயா, குறை நினைக்காதீர்கள், நான் அப்படி ஒன்றையும் யோசிக்கவில்லை.

பொத்துவில்ஜீப்:

இந்தக் கேள்விக்கு நான் வரலாம். பத்து வருடத்துக்கு மேலாக குமணவின் வாசலான உகந்தைக் கேற்றுக்கு ஜீப் ஓடுகிறேன். பாணமையிலிருந்து உகந்தை 15 கிலோமீற்றருக்குக் கிட்ட. கேற் காலை ஆறுக்குத் திறக்கும், மாலை ஆறுக்கு மூடும். உள்ளே தங்குவதென்றால் முகாம் இடத்தை வனசீவராசித் திணைக்களத்தில் முன்கூட்டியே பதியவேண்டும், கேற்றில் வந்து நின்று கேட்டால் கிடைக்காது. வாகனத்தை விட்டு இறங்கலாம் என்று சொன்ன இடத்தில் மட்டும் இறங்கவேண்டும். டிரோன் கொண்டுவராதீர்கள். போன கிழமை ஒருத்தர் பைக்குள் வைத்துக்கொண்டு வந்தார், கேற்றில் பிரச்சினை, எனக்கு அரை நாள் போனது. இன்னொன்று, குமண 1985இலிருந்து 2003வரை சண்டையில் மூடிக் கிடந்த இடம். 2006வரை யால கிழக்கு என்றுதான் பெயர். இந்தக் கிழக்கில் பிறந்தும் அதன் உள்ளே கால் வைக்காமல் ஒரு தலைமுறையே வளர்ந்துவிட்டது, அதனால் தம்பி கேட்கிற கேள்வியில் வெட்கம் ஒன்றும் இல்லை.

மான் பார்க்க மானைத் தேடாதீர்கள், மந்தியைத் தேடுங்கள். கருமுக மந்தி மேலே இருந்து பாதி தின்று பாதி கொட்டும், கீழே மான் நின்று பொறுக்கும். மந்திக்கு மேலிருந்து தூரம் தெரியும், மானுக்கு மூக்கு. இரண்டில் ஒன்று கத்தினால் நான் எஞ்சினை நிறுத்திவிடுவேன், பேச்சையும் நிறுத்துங்கள். புலி, அதாவது சிறுத்தை, வருகிறதென்றால் அந்தச் சத்தம்தான் முதல் சொல்லும். சத்தம் கேட்ட உடனே 'எங்கே காக்கா, எங்கே காக்கா' (காக்கா என்றால் எங்கள் பக்கம் அண்ணன்) என்று என்னைக் கேட்டு எழும்பி நிற்கிறவர்கள் புலியைக் கண்டதில்லை.

அந்த ஐயா சொன்ன காற்று விசயம் ஜீப்புக்கும் பொருந்தும். ஆடியில் கச்சான் காற்று, தின்கிற கச்சான் இல்லை, காட்டுப் பக்கமிருந்து கடலுக்கு அடிக்கும். காலையில் வெட்டைவெளிக்குக் கடல் பக்கமாக ஜீப்பை நிறுத்தினால் காற்று முகத்துக்கு வரும், சூரியன் முதுகில் இருக்கும், படமும் நன்றாக விழும். பத்து மணிக்கு மேலே மான் நிழலுக்குப் போய்விடும், நீங்களும் போய்ச் சாப்பிடுங்கள். வெயிலில் சுற்றிச் சுற்றி டீசலை எரிப்பது வீண்.

யாத்திரைடீச்சர்:

ஜீப் காக்கா சொன்னது எல்லாம் சரி. நான் உகந்தையிலிருந்து கதிர்காமத்துக்கு ஐந்து தடவை நடந்தவள், குமணவும் வியாழையும் காலால் தெரியும், அதனால் காலைப் பற்றி மட்டும் சொல்கிறேன். புதுச் சப்பாத்து வாங்கினால் அங்கே கொண்டுபோய் முதல் தடவை போடாதே தம்பி. இரண்டு கிழமை கல்லடிப் பாலத்தில் நடந்து பழக்கு. என் முதல் யாத்திரையில் புதுச் செருப்பு, குமுக்கன் ஆற்றுக்கு வரும்போது இரண்டு குதியிலும் கொப்புளம், நாவலடிவரை சேலைத்துண்டைச் சுற்றிக்கொண்டு நடந்தேன். இப்போது இரண்டு சோடி கொண்டுபோகிறேன், ஒன்று மூடினது, ஒன்று மாலையில் கால் ஆற.

தண்ணீர் ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு நாலு லீற்றர். தண்ணீரில் கரைத்துக் குடிக்கிற ஜீவனி உப்புப் பக்கற் பத்துப் போடு, விலை ஒன்றுமில்லை. ஆற்றில் குளிப்பதென்றால் காட்டித் தருகிற இடத்தில், பகலில், கரையோடு. தண்ணீர் அமைதியாக இருக்கிறதென்று நம்பாதே, முதலை அமைதியாகத்தான் இருக்கும். மான் படுத்த புல்லில் உண்ணி இருக்கும், களிசான் காலை மேசுக்குள் செருகிக்கொள். கடித்திருந்தால் நெருப்புக்குச்சியால் சுடாதே, சின்னக் குறட்டால் தோலோடு ஒட்டப் பிடித்து நேராக இழு. வந்து இரண்டு கிழமைக்குள் காய்ச்சல் வந்தால் டொக்டரிடம் முதல் வார்த்தை 'காட்டுக்குப் போனேன்' என்று இருக்கவேண்டும். சாதாரணக் காய்ச்சல் என்று பனடோலோடு படுத்துவிடாதே.

லென்ஸ்பைத்தியம்:

அத்தான் என்ன பைனாகுலர் கொண்டு வருகிறார்? 10x50 என்றால் நல்லது, தூரத்து மான் கைக்குள் வந்த மாதிரி இருக்கும்.

பொத்துவில்ஜீப்:

ஜீப்பில் 10x தலைச்சுற்று. கையின் நடுக்கமும் பத்து மடங்குதானே.

பனிக்குள்மட்டக்களப்பான்:

8x42 வைத்திருக்கிறேன். முதல் எண் எத்தனை மடங்கு, இரண்டாவது முன்கண்ணாடியின் அகலம் மில்லிமீற்றரில். பெரியதைச் சின்னதால் பிரித்தால் கண்ணுக்கு வருகிற ஒளிவட்டம்: 42ஐ 8ஆல் பிரிக்க ஐந்தே கால் மில்லிமீற்றர். விடியப்புறம் கண்மணி விரிந்திருக்கும்போது அது வேண்டும். சட்டைப்பைக்குள் போடுகிற 8x21 பகலில் அச்சா, ஆறு மணி இருட்டில் சாம்பல்தான் தெரியும். 10x50க்கும் ஒளி ஐந்து வருகிறது, அதில் குறை இல்லை. பாரம்தான், மறுகா காக்கா சொன்ன நடுக்கம். பாதி விலைக்கு வாங்கினாலும் 8x42ஆக வாங்குங்கள்.

லென்ஸ்பைத்தியம்:

முக்காலியில் பூட்டினால் 10x நடுங்காது.

பொத்துவில்ஜீப்:

ஜீப்புக்குள் முக்காலியை எங்கே வைப்பாய் மகன், என் மடியிலா?

அக்கரைப்பற்றுத்தாதி:

ஒருவரும் பாம்பைப் பற்றிப் பேசவில்லையே. வார்டில் பார்க்கிறதைச் சொல்கிறேன். புடையன் (கண்ணாடி விரியன்) கடித்தால் வலிக்கும், வீங்கும், தெரிந்துவிடும். கட்டுவிரியன் அப்படி இல்லை. இரவில் தரையில் படுத்திருப்பவனைக் கடிக்கும், பல்லின் அடையாளமே தேடித்தான் பார்க்கவேண்டும், விடிய வயிற்றுநோ என்று எழும்புவான், கண்ணிமை விழும். ஆகவே முகாமில் தரையில் பாயைப் போட்டுப் படுக்காதீர்கள். அடியோடு சேர்த்துத் தைத்த கூடாரம், அல்லது கட்டிலும் நுளம்பு வலையும், வலையின் ஓரத்தை மெத்தைக்கு அடியில் செருகுங்கள். கடித்துவிட்டால் கட்டாதீர்கள், கீறாதீர்கள், உறிஞ்சாதீர்கள். மோதிரம், கைச்சங்கிலியைக் கழற்றிவிட்டு, கடித்த காலை அசைக்காமல் தடி வைத்து, நேரே பொத்துவில் ஆஸ்பத்திரிக்கு. பாம்பை அடித்துக் கொண்டுவரத் தேவையில்லை, அதை அடிக்கப்போய்க் கடி வாங்கின இரண்டாவது ஆளையும் நாங்கள்தான் பார்க்கிறோம். இரவு மூத்திரத்துக்குப் போனாலும் டோர்ச், மூடின சப்பாத்து. போடுமுன் சப்பாத்தைத் தட்டு.

ஊர்வாய்:

இவ்வளவு பயத்தோடு மான் பார்க்கப் போவதைவிட வீட்டில் இருந்து ரீவியில் பார்க்கலாம்.

அக்கரைப்பற்றுத்தாதி:

நீங்கள் வீட்டில் இருங்கள் அண்ணன், வத்தல் கறியோடு.

கல்லடிப்பாலம்:

போய் வந்துவிட்டோம். கேட்டவர்களுக்காக எழுதுகிறேன். சாமானில் நான் விட்ட பிழைகளை முதல் சொல்லிவிடுகிறேன்.

சப்பாத்தை டீச்சர் சொன்னபடி பாலத்தில் நடந்து பழக்கினேன், அதில் குறை இல்லை. முதல் நாள் காலை போட்டுக்கொண்டு வந்த சட்டைதான் பிழை. அம்மா நீலம் போட்டுத் தோய்த்து இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. அத்தான் என்னைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை, தன் மண்நிறச் சேட்டைக் கழற்றித் தந்துவிட்டு தான் சாரத்தைப் போர்த்திக்கொண்டார். இரண்டாவது, அம்மா கட்டித் தந்த பொரித்த மீனும் சீனிச்சம்பலும். கூடையைத் திறக்காமலே மணந்தது. மந்தி ஒன்று ஜீப் மூடிக்கு மேலே வந்து இருந்துகொண்டு கூடையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை, காக்காவுக்கு நல்ல கோபம்.

முதல் நாள் மயிலும் எருமையும் யானையும், தூரத்தில் மான் முதுகுகள். ஒரு பாலை மரத்தடியில் ஜீப்பை நிறுத்திக் காக்கா கீழே காட்டினார், பழக்கொட்டை நிறைந்த கரடி எச்சம், ஈரம் காயவில்லை. கரடியைக் காணவில்லை. இரவு ஆற்றோரம் முகாமில் அக்காதான் நன்றாக நித்திரை கொண்டா, நானும் அத்தானும் ஒவ்வொரு சரசரப்புக்கும் டோர்ச்சை அடித்துக்கொண்டிருந்தோம்.

இரண்டாவது நாள் ஐந்தே முக்காலுக்கே எழும்பி நின்றோம். காக்கா வெட்டையின் கடல் பக்கமாகக் கொண்டுபோய் நிறுத்தி எஞ்சினை அணைத்தார். காற்று முகத்தில். முதலில் புல் அசைகிறதென்று நினைத்தேன், வெளிச்சம் வர வர அசைந்தது எல்லாம் காதுகள். நாற்பது இருக்கும். கிட்ட நின்றது 25 மீற்றர் வராது. ஒரு கொம்பன் பின்னங்கால் இரண்டிலும் எழும்பி நின்று, முன்னங்கால் இரண்டும் நெஞ்சுக்கு மடிந்திருக்க, ஒரு கிளையின் நுனியை எட்டிப் பிடித்துக்கொண்டிருந்தது. கழுத்து நரம்பு தெரிந்தது. அத்தான் என் தொடையை நுள்ளினார், நான் மூச்சு விட்ட சத்தம் பெரிதாம்.

அந்த நேரம் என் போன். சிக்னல் இல்லாத இடத்தில் போன் எப்படி அடிக்கும் என்று நான் சத்தத்தை நிறுத்தவில்லை. அலாரத்துக்குச் சிக்னல் தேவையில்லை என்பது அப்போதுதான் புத்தியில் பட்டது. ஒரு பிணை முன்னங்காலால் நிலத்தை ஒரு உதை உதைத்தது, 'கூய்' என்று ஒரு சத்தம், வால் எல்லாம் மேலே. நான் போனைத் தேடி நிமிருமுன் வெட்டையில் தூசிதான். அக்கா ஒன்றும் பேசவில்லை. காக்கா ஸ்டியரிங்கில் தலையை வைத்துக்கொண்டார்.

ஆகவே சாமான் பட்டியலில் முதலாவது: போனை முழுதாக அணைக்கவும்.

சாம்பல்முடிச்சு:

நல்லது தம்பி. அந்தக் கொம்பனின் கொம்பு மொட்டையாக, மயிர்த்தோல் போர்த்தினபடி இருந்ததா, இல்லை உரித்துக் கூராக இருந்ததா? எழும்பி நின்றது என்றீர்கள், அதனால் கேட்கிறேன்.

கல்லடிப்பாலம்:

தெரியாது ஐயா. பைனாகுலர் அத்தானின் கையில் இருந்தது, தரவேயில்லை.

பனிக்குள்மட்டக்களப்பான்:

தோல் போர்த்தினபடிதான் ஐயா. வலது கொம்பில் ஒரு பக்கம் கிழிந்து தொங்கியது. கார்த்திகையில் அங்கே போகும்போது அந்தச் சாம்பல் முடிச்சைக் கட்டிக்கொண்டு போகப்போகிறேன், என்ன துணி நல்லது?

சாம்பல்முடிச்சு:

மல் வேட்டி. பழையது. நாலைந்து வருடம் உடுத்தினதாக இருக்கவேண்டும், புதுத்துணியில் சாம்பல் வராது.